பிள்ளைகளோடு விதைப்பதற்கு எது சரி: கீரையா, வெண்டையா, தக்காளியா?

மூன்று வயதிலிருந்து எட்டு வயதுக்குள் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு மாடியிலோ பால்கனியிலோ காய்கறி போடலாம் என்று முடிவெடுத்தவர்கள் விதைக்கடையில் போய் நின்றால் கை முதலில் தக்காளிப் பாக்கெட்டுக்குத்தான் போகும். பிள்ளையும் அதைத்தான் காட்டும், பாக்கெட்டில் படம் அப்படிச் சிவப்பாக இருக்கும். நான் அங்கேயே கையைப் பிடித்து நிறுத்தச் சொல்வேன்.

பெரியவர்கள் தனியாகத் தோட்டம் போடும்போது எவ்வளவு காய்க்கும், எத்தனை மாதம் காய்க்கும், செடி வளர்க்கும் பை (குரோ பேக்) வாங்கிய காசுக்குக் கட்டுபடியாகுமா என்று பார்ப்பது நியாயம். பிள்ளைகளோடு போடும்போது இதெல்லாம் இரண்டாம் பட்சம். முதலில் பார்க்க வேண்டியது மூன்று விஷயம்: அந்த விதை குட்டி விரல்களுக்குள் பிடிபடுமா, மண்ணைக் கிழித்துக்கொண்டு வெளியே வர எத்தனை நாள் எடுக்கும், விதைத்த நாளிலிருந்து பறித்துத் தட்டில் வைக்க எத்தனை நாள் ஆகும். நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரம் என்பதே பெரிய காலம். மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னால் அது தோட்டத்தையே மறந்துவிடும், பிறகு நீங்கள் மட்டும்தான் பூவாளியோடு நிற்பீர்கள். கீழே ஒவ்வொரு பயிரையும் இந்த மூன்றை வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். சென்னைப் பக்கத்து வெயிலையும் மழையையும் மனதில் வைத்து எழுதுகிறேன், சமவெளியில் மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கணக்கு வேறு.

கீரை

வேகம் என்று பார்த்தால் கீரையை எதுவும் ஜெயிக்க முடியாது. அதிலும் வெந்தயம். தனியாக விதை வாங்க வேண்டாம், அஞ்சறைப் பெட்டியில் இருப்பதே போதும். இரவு ஊறவைத்து மறுநாள் தூவினால் இரண்டு மூன்று நாளில் முளை தெரியும், இருபது இருபத்தைந்து நாளில் பறித்துவிடலாம். அகலமான தட்டோ பழைய பிளாஸ்டிக் கூடையோ இருந்தால் போதும், ஆழம் ஐந்தாறு அங்குலம் இருந்தால் சரி. வெயில் மூன்று நாலு மணி நேரம் படும் கிழக்குப் பார்த்த பால்கனியே தாராளம். மூன்று வயதுப் பிள்ளைக்கு முதல் விதை எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் வெந்தயம் என்பேன்.

அதே சமையலறையில் இருக்கும் கொத்தமல்லி அப்படி இல்லை. அதை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும், அப்படிப் போட்டாலும் முளைக்கப் பத்து நாள் ஆகலாம், சில சமயம் அதற்கு மேலும். அந்தப் பத்து நாளும் தினம் காலையில் "ஏம்மா இன்னும் வரல?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதற்குள் ஒரு நாள் பிள்ளை மண்ணைக் கிளறிப் பார்த்துவிடும். கொத்தமல்லியை இரண்டாவது சுற்றுக்கு வையுங்கள்.

தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை எல்லாம் மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும், சிறுகீரையை மூன்று நாலு வாரத்தில் வேரோடு பிடுங்கலாம். பிடுங்குவது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த வேலை, அந்த ஒரு காரணத்துக்காகவே அரிந்து எடுக்கும் அரைக்கீரையைவிடச் சிறுகீரையை நான் மேலே வைப்பேன். தொல்லை விதையில்தான். கடுகைவிடச் சின்னது, பிள்ளை கையில் கொடுத்தால் பாதி ஒரே இடத்தில் கொட்டும், மீதி விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். இதற்கு ஊர்ப்பக்கம் செய்கிற வழியே நல்ல வழி: ஒரு சிட்டிகை விதையை இரண்டு கை மணலோடு கலந்து ஒரு கிண்ணத்தில் கொடுத்தால் பிள்ளை கோலப்பொடி தூவுவதுபோல் அள்ளித் தூவும், அடர்த்தியும் ஓரளவு சீராக வரும். விதைத்த அன்றே எறும்பு இழுத்துப் போகிற பிரச்சினையும் உண்டு, என் மாமியார் பையைச் சுற்றி அடுப்புச் சாம்பல் போடச் சொல்வார், சாம்பல் கிடைக்காத வீட்டில் மஞ்சள்தூள் போட்டுப் பார்க்கலாம். தண்ணீரை மட்டும் முதல் வாரம் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், குவளையால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். மூடியில் துளை போட்ட தண்ணீர் பாட்டில் கொடுத்தால் அழுத்தி அழுத்தித் தெளிக்கும், அது போதும்.

கீரையில் எனக்கு ஒரே குறை, அதில் பார்த்துக்கொண்டே இருக்கக்கூடிய மாற்றம் குறைவு. இலை வருகிறது, இன்னும் இலை வருகிறது, பறிக்கிறோம், ஒரு கூட்டோடு முடிந்தது. பூவும் பிஞ்சும் காயும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பிள்ளை பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குக் கீரை மட்டும் போதாது. அப்புறம், தானே வளர்த்ததால் பிள்ளை கீரையை ஆசையாகச் சாப்பிட்டுவிடும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். எங்கள் வீட்டில் வெந்தயக்கீரை சப்பாத்தி ஓடியது, தண்டுக்கீரைக் குழம்பு ஓடவில்லை.

வெண்டை, அதன் கூடவே பயறு வகை

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரே ஒரு காய்தான் போட இடம் இருக்கிறது என்றால் வெண்டை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விதை உருண்டையாக, மிளகு அளவில் இருக்கும், சின்னக் கைக்கு எடுக்கவும் எண்ணவும் தோதானது. இரவு ஊறவைத்து, ஒரு விரல்கணு ஆழத்தில் குழி போட்டு, குழிக்கு இரண்டு விதை. விரலாலேயே குழி போடலாம், கருவி எதுவும் வேண்டாம். நாலிலிருந்து ஆறு நாளில் இரண்டு தடித்த பருப்பிலை மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். நாற்று விட்டுப் பிடுங்கி நடுகிற வேலை கிடையாது. நாற்பது நாளை ஒட்டிப் பூ, நாற்பத்தைந்து ஐம்பது நாளில் முதல் காய்.

பூதான் இதில் விசேஷம். வெளிர்மஞ்சள் நிறத்தில், நடுவில் அடர்சிவப்பாக, காலையில் விரிந்து அன்றைக்கே மூடிவிடும். பள்ளிக்குக் கிளம்பும் முன் பார்த்த பூ சாயங்காலம் வந்து பார்க்கும்போது சுருங்கியிருக்கும், அடுத்த இரண்டு மூன்று நாளில் அதே இடத்தில் விரல் நீளப் பிஞ்சு, ஐந்தாறு நாளில் பறிக்கிற பதம். நாளுக்கு நாள் வித்தியாசம் தெரிகிற செடி என்பதால் பிள்ளைக்கு அலுப்புத் தட்டாது. ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிவிடும். நுனியை ஒடித்துப் பார், பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல் என்று கற்றுக்கொடுத்துவிட்டால் அந்த வேலையைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளும். நாலு பேர் உள்ள வீட்டில் வாரம் ஒரு பொரியலுக்கு எட்டுப் பத்துச் செடியாவது வேண்டும் என்பது உண்மை. ஆனால் பிள்ளைக்காகப் போடுகிற மூன்று நாலு செடியில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு காய் கிடைத்து அதைச் சாம்பாரில் போட்டு "இது உன் காய்" என்று எடுத்து வைத்தாலே போதும்.

குறை இல்லாமல் இல்லை. வெண்டை இலையிலும் தண்டிலும் உள்ள சுணை சில பிள்ளைகளுக்கு அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள். வெள்ளை ஈ பரப்புகிற மஞ்சள் நரம்புத் தேமல் வந்தால் இலையெல்லாம் மஞ்சள் வலையாகி, காயும் வெளுத்துப் போகும். மருந்தடித்துச் சரியாக்க முடியாது, செடியைப் பிடுங்க வேண்டியதுதான். அதனால் விதை எடுக்கும்போதே இந்த நோயைத் தாங்குகிற ரகமாகக் கேளுங்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா இதற்காகவே பெயர் வாங்கியது, அது ஹைப்ரிடும் (கலப்பினம்) அல்ல, விதை எடுத்து மறுபடி போடலாம்.

வெண்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது பயறு வகைதான். தட்டைப்பயறு விதை இன்னும் பெரியது, மூன்று நாலு நாளில் வளைந்த கழுத்தோடு எழும்பி வருவதைப் பார்க்கவே நன்றாக இருக்கும், பையில் போட்டாலும் தரையில் போட்டாலும் வரும். கொத்தவரை வெயிலைத் தாங்கும், ஆனால் அதைப் பொரியலாகச் சாப்பிடுகிற பிள்ளை அபூர்வம். அவரையில் மட்டும் வாங்கும்போது கவனம் வேண்டும், குத்தவரையா கொடியவரையா என்று கேட்டு வாங்குங்கள். கொடியவரை பந்தல் கேட்கும், நாட்டு ரகங்களில் பல பகல் நேரம் குறையும் பனிக்காலத்தில்தான் பூக்கும், மற்ற மாதங்களில் இலையாகவே தழைத்துக்கொண்டிருக்கும். குத்தவரை இரண்டு மாதத்துக்குள் காய்த்துவிடும். மூன்று நாலு வயதுப் பிள்ளைக்கு வெண்டையைவிடத் தட்டைப்பயறு நல்லது என்றுகூடச் சொல்வேன், சுணையும் இல்லை, முளைப்பும் ஏறக்குறைய நிச்சயம்.

தக்காளி, கத்தரி, மிளகாய்

இந்த மூன்றையும் விதையிலிருந்து செய்வது பெரியவர்களின் பொறுமைக்கே சோதனை. தக்காளி முளைக்க ஒரு வாரம், குழித்தட்டிலிருந்து பைக்கு மாற்ற மூன்று நாலு வாரம், அதற்குப் பிறகு முதல் பழத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல். மொத்தம் மூன்று மாதம். மிளகாய் இன்னும் மோசம், முளைக்கவே பத்து நாள் ஆகலாம், நாற்று நாற்பது நாள் நிற்க வேண்டும். முளைத்து வருவது தலைமுடி மாதிரி மெலிந்த தண்டு, தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். பிள்ளைகள் தண்ணீரைக் கூட ஊற்றத்தான் செய்வார்கள்.

சரி, பிள்ளை தக்காளிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால்? நாற்றாக வாங்கிவிடுங்கள். விதையிலிருந்துதான் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் தக்காளிக்கு வேண்டாம். நர்சரியில் ஒரு சாண் நாற்றாக வாங்கி நட்டால் ஒரு மாதம் மிச்சம், சாய்கிற நாற்றைப் பார்த்துப் பிள்ளை அழுகிற வேலையும் இல்லை. கொஞ்சம் ஆழமாகப் புதைத்து நட்டால் தண்டிலிருந்தும் வேர் விடும் என்பது தக்காளிக்கே உரிய வசதி, நடுகிற வேலையைப் பிள்ளை தைரியமாகச் செய்யலாம். ரகம் கேட்டு வாங்க முடிந்தால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 நம் வெயிலுக்குப் பழகியது.

மிளகாயைச் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் பிள்ளையின் செடியாகவே கொடுக்காதீர்கள். பறித்த கையைக் கண்ணில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கத்தரியில் பல நாட்டு ரகங்களுக்குக் காம்பில் முள் உண்டு, அது ஏழெட்டு வயதுக்குப் பிறகு.

கொடிகளும் கிழங்கும்

பரங்கி, பீர்க்கு, புடலை, பாகல் எல்லாம் விதை பெரியது, முளைத்து வரும்போதே கம்பீரமாக இருக்கும், கொடி ஓடுகிற வேகத்தை ஸ்கேல் வைத்து அளக்கலாம். ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிர் இல்லை, காரணம் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும், ஆண் பூவில் வெறும் காம்பு. மாடியில் தேனீ வரத்து குறைவாக இருந்தால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும், அப்போது ஆண் பூவைப் பறித்து அதன் நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் தடவிவிட வேண்டும். பரங்கிக்கு அதிகாலையில், பீர்க்குக்குச் சாயங்காலம், ஏனென்றால் அந்தப் பூ அப்போதுதான் விரியும். இந்த வேலையைச் செய்து காய் பிடித்ததைப் பார்த்த பிள்ளைக்கு அறிவியல் பாடத்தில் மகரந்தச் சேர்க்கை வரும்போது படம் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. ஆனால் இடம் வேண்டும், பந்தல் வேண்டும், பெரிய பை வேண்டும். அடுக்குமாடி பால்கனிக்காரர்கள் இதில் இறங்க வேண்டாம்.

கிழங்கில் பிள்ளைகள் கேட்பது காரட், படப்புத்தகத்தில் முயல் வைத்திருப்பது அதுதானே. சமவெளி வெயிலில் காரட் திருப்தியாக வருவது கஷ்டம், முளைக்கவும் நாளாகும். அதற்குப் பதில் முள்ளங்கி கொடுங்கள். மூன்று நாலு நாளில் முளைக்கும், நாற்பது நாற்பத்தைந்து நாளில் பிடுங்கலாம், வெயிலைத் தாங்கும் பூசா சேட்கி போன்ற ரகங்கள் உண்டு. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இழுக்கிற அந்தப் பரபரப்பும் அப்படியே கிடைக்கும். நேரடியாக விதைக்க வேண்டும், பிடுங்கி நட்டால் கிழங்கு கவட்டை விட்டுவிடும்.

விதை எங்கிருந்து?

இது நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். கடையில் விற்கும் ஹைப்ரிட் பாக்கெட்டுகளில், சில சாதாரண ரகங்களிலும்கூட, விதை இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று நிறமாக இருக்கும். அது அழகுக்குப் போட்ட சாயம் இல்லை. தைரம் போன்ற பூஞ்சைக்கொல்லி பூசிய விதை, வெண்டையில் இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லியும் இருக்கக்கூடும், தின்னும் தானியத்தோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நிறம் ஏற்றுகிறார்கள். பாக்கெட்டிலேயே பொடி எழுத்தில் எச்சரிக்கை இருக்கும். விவசாயிக்கு அது பயனுள்ள விஷயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது மிட்டாய் மாதிரித் தெரியும், எடுத்த கையை வாயில் வைக்கும். பிள்ளைகளோடு விதைப்பவர்கள் நிறம் பூசிய விதையை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாங்கிய பிறகுதான் தெரிந்தது என்றால் கையுறை போட்டு நீங்களே விதைத்துவிடுங்கள், அதை ஊறவைத்த தண்ணீரைப் பிள்ளை தொடவிடாதீர்கள்.

மருந்து பூசாத நாட்டு விதை கிடைப்பது இப்போது கஷ்டமில்லை. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வாரின் பேச்சைக் கேட்டு விதை சேர்க்கத் தொடங்கியவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள், விதைத் திருவிழாக்களில் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கொடுப்பார்கள், சிலர் தபாலிலும் அனுப்புகிறார்கள். நாட்டு விதையில் இன்னொரு லாபம், கடைசியில் ஒரு வெண்டைக்காயைச் செடியிலேயே முற்றிக் காயவிட்டு பிள்ளையை உடைக்கச் சொல்லலாம், உள்ளே வரிசை வரிசையாக விதை இருக்கும், அடுத்த பட்டத்துக்கு அதுதான். ஹைப்ரிடில் எடுத்தால் முளைக்கும், ஆனால் தாய்ச்செடி மாதிரி வராது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கையில் கட்டிக் கொடுக்கிற பொட்டலத்தில் தேதி இருக்காது, முளைப்புத் திறன் எழுதியிருக்காது, பழைய விதையாக இருந்தால் பாதிகூட முளைக்காது. சான்று பெற்ற பாக்கெட்டில் பரிசோதித்த தேதி, காலாவதி எல்லாம் இருக்கும். அந்தச் சான்றுக்கே வெண்டைக்கு 65 சதவீதம், மிளகாய்க்கு 60 சதவீதம் முளைத்தால் போதும், ஆகவே நல்ல பாக்கெட்டிலும் சில விதை வராமல்தான் போகும். குழிக்கு இரண்டு விதை போடுவது இதனால்தான், பிள்ளையிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பொட்டல விதையின் சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி: பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி ஒரு டப்பாவில் வைத்து, ஐந்தாறு நாள் கழித்துப் பிரித்து எத்தனை முளைத்தது என்று பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். ஏழு எட்டு வந்தால் தைரியமாகப் போடலாம், நாலு ஐந்துதான் வந்தால் விதையைக் கூட்டிப் போடுங்கள். மண்ணுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்கிற வாய்ப்பும் இதுதான், முதலில் வேர்தான் வருகிறது, இலை அப்புறம்தான் என்பதைப் பிள்ளைகள் இங்கேதான் கண்டுபிடிக்கிறார்கள்.

சமையலறை விதை மூன்றாவது வழி. வெந்தயம், மல்லி, கடுகு, முழுப் பாசிப்பயறு, தட்டைப்பயறு எல்லாம் முளைக்கும். நன்றாகப் பழுத்த பரங்கி விதை முளைக்கும். நறுக்குகிற புடலங்காய், வெண்டைக்காயிலிருந்து எடுத்த விதை முளைக்காது, அது பிஞ்சு. உடைத்த பருப்பு முளைக்காது. பிள்ளை எல்லாவற்றையும் புதைத்துப் பார்க்கக் கேட்கும், ஒரு பழைய டப்பாவை அதற்கென்றே விட்டுவிடுங்கள்.

பை, மண், வைக்கிற இடம்

பையா தொட்டியா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளையின் வேலைக்குக் குரோ பேக் மேல், விழுந்தால் உடையாது. வெண்டைக்குப் பன்னிரண்டு அங்குலப் பையில் ஒரு செடி, பதினைந்தில் இரண்டு. கீரைக்கு அகலப் பை. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தளை (தொடங்கத் தேவையான பொருட்களின் தொகுப்பு) கிடைத்தால் வாங்குங்கள், தொடங்குவதற்கு அதுவே போதும். செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் மூன்றையும் சம அளவு கலந்தால் எளிது. நார்த்தூள் கட்டி தண்ணீரில் ஊதிப் பெரிதாவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஆனால் ஒன்றிரண்டு முறை அலசிப் பிழியாமல் போட்டால் அதில் உள்ள உப்பு நாற்றைக் கருக்கும். பச்சைச் சாணம் வேண்டாம், நன்றாக மக்கியதுதான். மண்ணில் கை வைத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவுவது கட்டாயம், நகத்தை வெட்டிவிட்டே மண்ணில் இறக்குங்கள்.

தரையா மாடியா என்றால், வீட்டைச் சுற்றி இடம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், தரையிலேயே போடுங்கள். மாடியில் போடுபவர்களுக்கு இரண்டு விஷயம் உயிர்ப் பிரச்சினை. வெயில் நன்றாகப் படுகிறது என்று பைகளைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி அடுக்குகிறோம், மண் நிரம்பிய பை ஒரு படிக்கட்டு, பிள்ளை அதன்மேல் ஏறி எட்டிப் பார்க்கும். பிள்ளையின் பைகள் சுவரிலிருந்து நாலடியாவது தள்ளி இருக்கட்டும். இரண்டாவது, திறந்த தண்ணீர் டிரம், வாளி. மூடி இல்லாமல் வைக்கவே கூடாது, விழுகிற ஆபத்து ஒன்று, டெங்கு கொசு இன்னொன்று. பைக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்குவதும் அப்படித்தான்.

பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல், லிட்டருக்கு ஐந்து மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைத்து, சாயங்காலம் நீங்களே அடியுங்கள். இஞ்சி பூண்டு பச்சைமிளகாய் அரைத்த 3ஜி கரைசல் நன்றாக வேலை செய்யும், ஆனால் பிள்ளை மாடியில் இல்லாத நேரத்தில்தான். எருக்கும் ஊமத்தையும் போடுகிற ஐந்திலைக் கரைசலைப் பிள்ளைகள் புழங்கும் வீட்டில் தயாரிக்கவே வேண்டாம், ஊமத்தை விஷம். இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் அசுவினியை ஈரத்துணியால் துடைத்துவிடுவது ஐந்து வயதுப் பிள்ளையாலும் முடியும்.

எப்போது: கோடை விடுமுறையா, ஆடிப்பட்டமா?

பெற்றோர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது மே மாதம், பிள்ளை வீட்டில் இருக்கிறது என்பதால். பயிருக்கு அதுதான் ஆகாத காலம். அக்னி நட்சத்திர வெயிலில் மாடித் தரையில் கால் வைக்க முடியாது, காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும். அப்படியும் விடுமுறையில்தான் முடியும் என்பவர்கள் தண்டுக்கீரை, கொத்தவரை, வெண்டை இந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டு, மதிய வெயிலுக்கு நிழல்வலையோ பழைய வெள்ளை வேட்டியோ கட்டுங்கள். பிள்ளை மாடிக்குப் போவது காலை எட்டு மணிக்கு முன்னால் அல்லது மாலை ஐந்துக்குப் பின்னால்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சும்மா சொல்லவில்லை. ஜூலை நடுவில் விதைத்தால் காற்றில் ஈரம் வந்திருக்கும், வெண்டை ஆகஸ்ட் கடைசியில் காய்க்கத் தொடங்கி வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வெளுத்து வாங்குவதற்குள் நன்றாகப் பறித்து முடித்துவிடலாம். அக்டோபர், நவம்பரில் சென்னையில் புதிதாக விதைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், கீரை விதை மழையில் அடித்துக்கொண்டு போகும். அடுத்த நல்ல வாய்ப்பு தைப்பட்டம், பொங்கலுக்குப் பிறகு. முள்ளங்கிக்கும் தக்காளி நாற்றுக்கும் மழை ஓய்ந்த பிறகு டிசம்பர் கடைசியிலிருந்தே தொடங்கலாம். பள்ளி நடக்கிற மாதங்களில் பிள்ளைக்கு நேரம் எங்கே என்று கேட்கலாம், தினமும் காலையில் பத்து நிமிஷம் போதும், விடுமுறை தேவையில்லை.

ஆளுக்கு ஒரு பையா, எல்லாருக்கும் பொதுவா?

இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கடைசியாக முடிவு செய்ய வேண்டியது இது. பொதுவாகப் போட்டால் யார் தண்ணீர் ஊற்றுவது என்று சண்டை, ஒரே பைக்கு மூன்று முறை தண்ணீர் விழும். ஆளுக்கு ஒன்று என்பதே என் தேர்வு, பையில் பெயர் எழுதி. ஆனால் இரண்டிலும் ஒரே விதை, ஒரே நாளில். அக்காவுக்கு வெண்டையும் தம்பிக்குத் தக்காளியும் கொடுத்தால் அவளுக்குக் காய் வரும்போது அவனுக்கு இலைதான் இருக்கும், அந்த வயதுக்கு அது தாங்காது. அதோடு பெயர் எழுதாத மூன்றாவது பை ஒன்றிலும் அதே நாளில் அதே விதையைப் போட்டு வையுங்கள். யாருடைய செடியாவது பட்டுப்போனால் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி வைக்கச் சிலர் சொல்வார்கள், நான் அதை ஏற்கவில்லை, பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பட்டுப்போன செடியைக் காட்டி, வேரைப் பிடுங்கிப் பார்க்கவிட்டு, மூன்றாவது பையை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்து, காலியான பையில் அன்றைக்கே இரண்டு தட்டைப்பயறு ஊன்றிவிடுங்கள், அந்த வாரத்துக்குள் முளை தெரிந்துவிடும்.